பெயர் சொல்லாத பிறப்பு விழாப் பாடல்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு பழைய வழக்கு மீண்டும் எழும். பாடகர் குழுவின் இளைஞர்கள் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாடல்கள் சிலவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் வருவார்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்னால் பாடலாமா என்று கேட்பார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பனியையும் வண்டி மணியையும் பாடுவதற்கா கோயில் என்பது அவர்கள் கேள்வி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பங்குத்தந்தை.

நானும் பல ஆண்டுகள் ஒரே தீர்ப்பையே வழங்கி வந்தேன். அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்னும் பாடலைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அதில் குழந்தை இயேசு இல்லை, மரியா இல்லை, மாட்டுக்குடில் இல்லை, வானதூதர் ஒருவரும் இல்லை. பிறந்தவரின் பெயரையே சொல்லாத பிறப்பு விழாப் பாடல் என்ன பாடல் என்று கேட்டு, சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாத வீடு சந்திப்பின்போது ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். கணவரை இழந்தவர், தனியே வாழ்பவர். குடிலுக்கு அருகில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. ஜிம் ரீவ்ஸின் குரல் என்பது உடனே தெரிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் ஒரு தலைமுறைக்கே கிறிஸ்துமஸ் என்றால் அந்தக் குரல்தான். 1963 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பன்னிரண்டு பாடல்களின் தொகுப்பில் 'சைலன்ட் நைட்' உண்டு. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்பதும் உண்டு. அன்று ஓடிக்கொண்டிருந்தது பின்னது. "பாட்டி, இதிலே ஆண்டவர் பெயரே இல்லையே, தெரியுமா?" என்று வழக்கமான என் நகைச்சுவையைச் சொல்லி வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கலாம் சாமி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவுக குவைத்துல இருந்து முதல் தடவை வந்தப்போ கொண்டாந்தது இது. பதினாலு வருசத்துல மூணு கிறிஸ்மஸ்தான் வீட்டுல இருந்தாக" என்றார்.

வீட்டை மந்திரித்துவிட்டுத் திரும்பினேன். ஆனால் அந்தச் சொல் என்னுடனேயே வந்தது. ஒரு வார்த்தையும் புரியாத பெண், அந்தப் பாடலின் பொருளை என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறாரோ என்ற ஐயம் எழுந்தது. அதன் பிறகே அப்பாடலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அதை இயற்றியவர் கிறிஸ்தவர் அல்லர். இர்விங் பெர்லின் ஒரு யூதர். 1888 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் நாள், ரஷ்யப் பேரரசில், இஸ்ரயேல் என்னும் பெயருடன் பிறந்தவர். அவருடைய தந்தை யூதத் தொழுகைக்கூடத்தில் இறைவேண்டல்களை இசைத்துப் பாடும் பணியாற்றியவர். அக்காலத்தில் ரஷ்ய ஆட்சியில் யூதர்கள்மீது வெறிக்கும்பல்கள் பாய்வது வழக்கமாக இருந்தது. தம் வீடு எரிந்துகொண்டிருக்க, சாலையோரத்தில் ஒரு போர்வையில் தாம் கிடந்ததே தம் பிறந்த மண்ணைப் பற்றிய ஒரே நினைவு என்று பெர்லின் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவ்வாறு எரித்தவர்கள் நம் ஆண்டவரின் பெயரைத் தாங்கிய மக்களே என்பதை நாம் விழுங்கிவிட்டுப் போக இயலாது. 1893 இல் ஐந்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். வீட்டை விட்டு வெளியேறி மதுக்கடைகளில் பாடிக் காசு பெற்றார். பின்னர் ஓர் உணவு விடுதியில் பரிமாறிக்கொண்டே பாடும் பணியாளரானார். இசைக்குறிப்பை எழுதவோ படிக்கவோ அவர் முறையாகக் கற்கவில்லை. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளை மட்டுமே பயன்படுத்தி வாசிப்பார். அவர் பாடிக் காட்டுவதைக் கேட்டுச் சுரங்களைத் தாளில் எழுத உதவியாளர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்தாம் 1911 இலேயே அமெரிக்கா முழுவதும் முணுமுணுத்த பாடலைத் தந்தார் என்பது வியப்பே.

அவருடைய சிறுவயது நினைவு ஒன்று நமக்குச் சிறப்பாக உரியது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்கு எதிரே அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று சிறுவன் தெருவைக் கடந்து அங்கு ஓடுவானாம். அவர்களும் இன்முகத்துடன் பலகாரம் கொடுப்பார்களாம். கிறிஸ்துமஸ் மரத்தை அவன் முதன்முதலில் கண்டது அந்த வீட்டில்தான். அது விண்ணை முட்டுவதுபோல் அன்று தோன்றியதாக முதுமையை நெருங்கிய வயதில் அவர் நினைவுகூர்ந்தார். ரஷ்யாவில் கிறிஸ்தவர் வைத்த தீயும், நியூயார்க்கில் கிறிஸ்தவர் கொடுத்த பலகாரமும் ஒரே பிள்ளையின் நெஞ்சில் பதிந்திருந்தன. அந்தக் குடும்பத்தார் மறையுரை எதையும் ஆற்றியதாகத் தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவே.

பெர்லின் இருமுறை மணந்தவர். 1912 இல் மணந்த முதல் மனைவி, தேனிலவுப் பயணத்தில் தொற்றிய நச்சுக்காய்ச்சலால் சில மாதங்களிலேயே இறந்துபோனார். 1926 ஜனவரியில் எலின் மக்கே என்னும் கத்தோலிக்கப் பெண்ணை மணந்தார். பெண்ணின் தந்தை பெருஞ்செல்வர். யூதப் பாட்டுக்காரனுக்கு மகளைக் கொடுப்பதா என்று கொதித்தார். மணம் கோயிலில் நடைபெறவில்லை. நகராட்சி அலுவலகத்தில் நடந்தது. 1928 டிசம்பர் முதல் நாள் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் பெயரையே சூட்டினார்கள். அதே மாதம், கிறிஸ்துமஸ் வேளையில், ஒரு மாதம்கூட நிறையாத அக்குழந்தை இறந்தது. அதன்பின் கிறிஸ்துமஸ்தோறும் பெற்றோர் இருவரும் அச்சிறு கல்லறைக்குச் சென்று வந்தார்கள். மற்றப் பெண் பிள்ளைகளுக்காக வீட்டில் மரமும் பரிசுகளும் இருந்தன; ஆனால் அந்த விழா அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையைப் புதைத்த பெற்றோரைப் பங்குகளில் கண்டிருக்கும் எந்தக் குருவும் அதை அறிவார்.

இத்தகைய மனிதர் 1940 வாக்கில் உருவாக்கிய பாடலே 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. அது தொடக்கத்தில் இன்றைய வடிவில் இருக்கவில்லை. முன்னால் ஒரு முகவுரைப் பகுதி இருந்தது. வெயிலும் ஆரஞ்சும் பனைமரங்களும் நிறைந்த கலிபோர்னியாவில், டிசம்பர் 24 ஆம் நாள், வசதியான ஒருவர் அமர்ந்துகொண்டு வடக்கே உள்ள பனியை எண்ணி ஏங்குவதாக அது அமைந்திருந்தது. அந்த முகவுரையுடன் பாடினால் பாட்டு சற்றே வேடிக்கையாகவும் ஒலிக்கும். ஆனால் 1942 இல் பெர்லின் அப்பகுதியை அச்சுப் பிரதிகளிலிருந்து நீக்கிவிடச் சொன்னார். என் கணிப்பில், அவர் செய்த மிகப் பெரிய செயல் அதுவே. பாடுபவர் யார், எங்கே இருக்கிறார், ஏன் வீட்டில் இல்லை என்பதெல்லாம் நீங்கிவிட்டன. எஞ்சியது முன்பு ஒருகாலத்தில் கண்ட ஒரு விழாவைப் பற்றிய கனவு மட்டுமே. அப்படி வெறுமையாக்கப்பட்ட இடத்தில் எவரும் வந்து அமரலாம்.

அதைப் பாடியவர் பிங் கிராஸ்பி. 1903 இல் பிறந்த அவர் கத்தோலிக்கர். ஸ்போகேன் நகரில் இயேசு சபையினரின் கொன்சாகா பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயின்று, சட்டப் படிப்பை இடையில் விட்டுவிட்டுப் பாடப் போனவர். 1944 இல் 'கோயிங் மை வே' என்னும் திரைப்படத்தில் இளம் பங்குத்தந்தையாக நடித்து ஆஸ்கார் விருது பெற்றார். (உண்மையான பங்குத்தந்தையர் அத்துணை இனிமையாகப் பாடுவதில்லை என்பதை என் பங்கு மக்கள் உறுதிப்படுத்துவார்கள்.) மின்சார ஒலிவாங்கி பரவலாவதற்கு முன் மேடைப் பாடகர்கள் கடைசி வரிசைவரை கேட்க உரக்கப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்தபின் செவியருகே பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பாட முடிந்தது. அந்தப் புதுமுறையின் தலைமகன் கிராஸ்பியே. நாம் இன்று கேட்கும் விழாக்காலப் பாடல்களின் அந்தரங்கத் தொனிக்கு அதுவே காரணம். கூடத்தில் ஆயிரம் பேருக்காக அன்றி, இரவில் வானொலிப் பெட்டியருகே தனியே அமர்ந்திருக்கும் ஒருவருக்காகப் பாடும் தொனி அது.

கிராஸ்பியின் வாழ்வில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. 1935 இல் 'சைலன்ட் நைட்' பாடலைப் பதிவுசெய்யும்படி கேட்டபோது அவர் தயங்கினார். இறைவனைப் புகழும் பாடலை விற்றுப் பணம் பெறுவது முறையன்று என்று அவருக்குத் தோன்றியது. வருவாயை அறப்பணிகளுக்கு அளிப்பது என்று முடிவான பின்னரே மனம் அமைதியுற்றது. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' விஷயத்தில் அத்தகைய தயக்கம் அவருக்கு எழவில்லை. எது வழிபாட்டுக்கு உரியது, எது வீட்டுக்கு உரியது என்பதை அந்தப் பாடகர் தம் மனத்துக்குள்ளேயே பிரித்து வைத்திருந்தார் எனலாம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து ஒன்றைக் குறைவாகக் கண்ட என்னைவிட அவர் தெளிவாக இருந்திருக்கிறார்.

1941 டிசம்பர் 25 அன்று, பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பதினெட்டாம் நாள், கிராஸ்பி இப்பாடலை முதன்முதலில் வானொலியில் பாடினார். 1942 மே 29 இல் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். அவ்வாண்டே 'ஹாலிடே இன்' திரைப்படம் வெளிவந்தது. விழா நாள்களில் மட்டும் திறக்கப்படும் ஒரு விடுதியின் கதை அது. லிங்கன் பிறந்தநாள், காதலர் நாள், உயிர்ப்பு விழா, விடுதலை நாள், நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடலைப் பெர்லின் அதில் அமைத்திருந்தார். திருவழிபாட்டு ஆண்டுக்குப் போட்டியாக உலகியல் ஆண்டு ஒன்று! இங்கே என் பழைய குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படத்திலும் ஒலிக்கும் அவருடைய 1933 ஆம் ஆண்டுப் பாடலான 'ஈஸ்டர் பரேட்', உயிர்த்த ஆண்டவரைப் பாடாமல் புதுத் தொப்பி அணிந்து தெருவில் உலா வரும் பெண்ணைப் பாடுகிறது. பெர்லின் நம் இரு பெருவிழாக்களிலிருந்தும் கிறிஸ்துவை மெல்லக் கழற்றி எடுத்துவிட்டதை ஒரு யூத வெற்றியாகவே மெச்சும் பகுதி, பிலிப் ராத் 1993 இல் வெளியிட்ட நாவலொன்றில் வருகிறது. அது நகைச்சுவைதான், ஆனாலும் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. கடைவீதியில் நவம்பர் முதலே ஒலிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மாட்டுக்குடிலுக்கும் இடையே தொலைவு பெருகியதில் இப்பாடல்களுக்கும் பங்குண்டு.

படத் தயாரிப்பாளர்கள் பெரிதும் நம்பியிருந்தது காதலர் நாள் பாடலை. காற்று வேறு திசையில் வீசியது. 1942 இலையுதிர் காலத்தில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் முதன்முறையாக வீட்டைப் பிரிந்து போர்முனைகளில் இருந்தார்கள். பசிபிக் தீவுகளின் புழுக்கத்திலும் வட ஆப்பிரிக்க மணலிலும் கிடந்தவர்கள் படைவீரர் வானொலிக்கு எழுதி இப்பாடலையே கேட்டார்கள். போரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. பகைவனைப் பற்றியும் வெற்றியைப் பற்றியும் இல்லை. அரசு வேண்டிய வீரப் பாடல்கள் பல அச்சேறிக்கொண்டிருந்த காலத்தில், வீரர்கள் தாமே தேர்ந்தெடுத்தது மரக்கிளைகளில் பனி மின்னும் ஒரு முற்றத்தை. அக்டோபரில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற அத்தட்டு பதினொரு வாரங்கள் அங்கேயே நின்றது. 1943 இல் ஆஸ்கார் விருது அளிக்கப்பட்டபோது, உறையைப் பிரித்து வெற்றியாளர் பெயரைப் படிக்க மேடையேறியிருந்தவர் பெர்லினே. தம் பெயரைத் தாமே படித்துத் தமக்குத் தாமே விருது வழங்கிக்கொண்டார். ஏறத்தாழ ஐந்து கோடிப் பிரதிகள் விற்றதாக இன்று மதிப்பிடுகிறார்கள். படியெடுத்துப் படியெடுத்து மூலப் பதிவே தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே இசைக்குழுவுடன் மீண்டும் பாடிப் பதிவுசெய்ய நேர்ந்தது. பெரும்பாலும் நாம் கேட்பது அந்த இரண்டாம் பதிவையே.

1944 இல் கிராஸ்பி பிரான்சுக்குச் சென்று போர்முனை வீரர்களிடையே பாடினார். அவர்களை வாடச் செய்கிறது என்பதால் இப்பாடலை நிகழ்ச்சியிலிருந்து விட்டுவிட முயன்றதாகவும், ஆனால் எங்கு சென்றாலும் அவர்கள் கூச்சலிட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டதாகவும் அவர் பின்னாளில் கூறினார். மகிழ்விக்கச் சென்றவன் அழவைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது அவருக்கு விந்தையாகவே இருந்தது. துயரம் கிளறப்படுவதைத் துயருற்றவர்களே விரும்பிக் கேட்கிறார்கள் என்றால், அதில் அவர்களுக்கு ஏதோ மருந்து இருந்திருக்க வேண்டும். இறுதிச் சடங்குக்குப் பின் முப்பதாம் நாள் திருப்பலியில் இறந்தவருக்குப் பிடித்த பாடலைப் பாடச் சொல்லிக் கேட்கும் குடும்பங்களை நான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்காலத்துப் பிற பாடல்களும் இதே ஊற்றிலிருந்து பிறந்தவை. 1943 இல் கிராஸ்பி பாடிய 'ஐ வில் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்', வீட்டுக்கு வருவேன் என்று வாக்களித்துவிட்டு, இறுதியில் அது கனவில்தான் என்று ஒப்புக்கொள்கிறது. படைவீரரின் உறுதி தளர்ந்துவிடும் என அஞ்சிப் பிரிட்டிஷ் வானொலி அதற்குத் தடை விதித்ததாகச் சொல்வார்கள். 1965 டிசம்பரில் ஜெமினி 7 விண்கலத்தில் பூமியைச் சுற்றிவந்த இரு வீரர்கள் என்ன பாடல் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது இதையே கேட்டார்கள். 1944 இல் ஜூடி கார்லண்ட் திரைப்படம் ஒன்றில் பாடிய இன்னொரு பாடலின் முதல் வடிவம், அடுத்த ஆண்டு இருப்போமோ என்னும் அளவுக்கு இருண்டிருந்ததால், அவரே மாற்றி எழுதச் சொன்னார். ஒளிவிளக்கு அலங்காரத்தின் பின்னணியில் இவற்றை இன்று கேட்கும் நாம், இவை இருட்டில் பிறந்தவை என்பதை மறந்துவிடுகிறோம்.

1975 ஏப்ரல் இறுதியில் சைகோன் நகரம் வீழ்ந்தபோது, அங்கிருந்த அமெரிக்கர்கள் வெளியேற வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதற்கு வானொலியில் ஒலித்த இரகசிய அடையாளமும் இப்பாடலே. கடும் வெயில் மாதத்தில் பனிக் கிறிஸ்துமஸ் பாடல்! அன்று கப்பலேறியவர்களுக்கு அது வீட்டுக்குச் செல்லும் அழைப்பு. அதே இசை, வீட்டை இழந்து சிதறப்போகும் வியட்நாம் மக்களுக்கு என்னவாக ஒலித்திருக்கும்? அவர்களுள் கத்தோலிக்கரும் ஏராளம்.

இவற்றையெல்லாம் படித்தபின் நான் திருவிவிலியத்துக்குத் திரும்பினேன். திருப்பாடல் 137 நாடு கடத்தப்பட்டவர்களின் பாடல்; பாபிலோனின் ஆற்றங்கரையில், வீட்டுப் பாடலை அயல்நாட்டில் பாட நா எழாமல் அழுதவர்களின் பாடல். அம்மக்களின் வழிவந்த, தொழுகைக்கூடப் பாடகரின் மகனான ஒருவர், அயல்நாட்டில், அயலாரின் திருநாளுக்கு ஒரு பாடல் எழுதியபோது அதே ஏக்கமே வெளிப்பட்டது. லூக்கா நற்செய்தியை மீண்டும் பார்த்தேன். கணக்கெடுப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, விடுதியில் இடமின்றி, தீவனத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்திய குடும்பம். மத்தேயு சொல்வதுபடி, பின்னர் எகிப்துக்கு ஓடிய குடும்பம். முதல் கிறிஸ்து பிறப்பு விழா வீட்டில் நடைபெறவில்லை என்பதை எத்தனையோ மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். ஆயினும், வீட்டில் இல்லாதவர்கள் பாடிய பாடலை அந்தக் குடிலுக்குத் தொடர்பற்றது என்று அடித்துப் போட்டவனும் நானே.

அதற்காகத் திருவழிபாட்டின் வரம்பைத் தளர்த்திவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. திருவழிபாட்டுப் பாடல்களின் சொற்கள் சிறப்பாகத் திருவிவிலியத்திலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வகுத்தது. அது தக்க காரணத்தோடு வகுக்கப்பட்டது. நள்ளிரவுத் திருப்பலியில் பிறந்தவரின் பெயரே முழங்க வேண்டும். ஆனால் கோயில் கதவுக்கு வெளியே, முற்றத்திலும் திண்ணையிலும், இன்னொரு பாட்டுக்கு இடமுண்டு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கணவரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு விழாக் கொண்டாடும் வீடுகள் என் பங்கில் பல. அவர்களுக்கு இந்தப் பாடலை நான் விளக்க வேண்டியதில்லை.

பெர்லின் தம் முதுமையில் நியூயார்க் இல்லத்தை விட்டு வெளிவருவதே அரிதாகிவிட்டது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் முன்மாலையில் ஒரு பாடகர் குழு அவர் வீட்டின் முன் நின்று இப்பாடலைப் பாடிவிட்டுச் செல்லும். 1983 இல் ஒருநாள் கதவு திறந்தது. தொண்ணூற்றைந்து வயது முதியவர் அவர்களை உள்ளே அழைத்து நன்றி கூறினார். 1989 செப்டம்பரில் தம் 101 ஆம் வயதில் அவர் காலமானார். கிராஸ்பி 1977 லேயே மறைந்திருந்தார்.

சென்ற ஆண்டு பாடகர் குழுவின் பட்டியல் வந்தபோது, அந்தப் பாடலைத் திருப்பலிப் பகுதியிலிருந்து எடுத்து, வீடுகளுக்குச் செல்லும் பவனிப் பகுதியில் எழுதிக் கொடுத்தேன். மூதாட்டியின் ஒலிநாடா அறுந்துவிட்டது. அதை ஒட்டவைக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று முதலில் தமிழில் ஒரு பிறப்பு விழாப் பாடலும், பின்னர் இதையும் பாடினார்கள். ஆங்கில உச்சரிப்பு ஜிம் ரீவ்ஸுக்கு வெகு தொலைவில்தான் இருந்தது. பாட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறுதிவரை நின்று கேட்டார். பிறகு எல்லாருக்கும் முறுக்கு கொண்டுவர உள்ளே போனார்.